127 டிகிரி காட்டுகிறது, மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். மேல்மாடி அறை, ஏர்கோன் இல்லை. கணினியில் ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் சிப் (அதுதான் சிபியூ), அதோடு பெட்டியில் வந்த, சிப்பைக் குளிர்விக்கும் கூலர். காலையில் 40 நிமிடத்தில் முடிகிற ரெண்டர் மதியம் 50 நிமிடத்தைத் தாண்டுகிறது. கணினியின் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு வரியில் 127 டிகிரி, சிபியூ வரியில் 94. கடையில் காட்டியதும், மதர்போர்டு போய்விட்டது, மாற்றணும் என்று சொல்லிவிட்டார்களாம். தைப்பூச வேலை கையில் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்கிறார்.

தம்பி, மதர்போர்டை மாற்றாதீர்கள். அந்த 127 சூடே இல்லை.

மதர்போர்டில் வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் படிக்க ஒரு தனிச் சிப் உண்டு. அதில் பல உள்ளீட்டு முனைகள் இருக்கும். தயாரிப்பாளர் அவற்றில் சிலவற்றில்தான் சென்சாரை இணைத்திருப்பார். மென்பொருளுக்கு எது வெறும் முனை என்று தெரியாது, எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிடும். ஒரு பைட்டில் குறியோடு எழுதக்கூடிய பெரிய எண் 127. அதனால்தான் வெறும் முனை பல நேரம் அந்த எண்ணிலேயே நிற்கிறது. காலையில் கணினி குளிர்ந்திருக்கும்போது போட்டுப் பாருங்கள். போட்ட நொடியிலேயே 127 என்று இருந்து, அசையாமலும் நின்றால் அது பொய். உண்மைச் சென்சாரின் எண் கணினியின் வேலைக்கேற்ப ஏறி இறங்கும். அந்த வரியை மறைத்துவிடுங்கள்.

94 உண்மை. இதைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் சிப்புக்கு ஏஎம்டி வைத்த உச்ச வரம்பு 95. அதை நெருங்கும்போதே சிப் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பாயான் லெப்பாஸ் சிப் ஆலைகளில் சோதனைப் பிரிவில் வேலை செய்யும் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சிப்பைச் சூடாக்கி ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். உங்களுக்கு நஷ்டம் நேரத்தில். மதியம் கூடுகிற அந்தப் பத்து நிமிடம் இங்கேதான் போகிறது.

சூட்டு எண்ணை ஒருபோதும் தனியாகப் படிக்காதீர்கள். அறைச் சூட்டோடும், சிப்பின் வரம்போடும், அந்த நேரத்து வேகத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். கூலரால் சிப்பை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. ஏர்கோன் அறையில் 24 டிகிரியில் 86 காட்டுகிற அதே கணினி, மதியம் 32 டிகிரி மேல்மாடியில் ஏறக்குறைய 94 காட்டும். குளிர்நாட்டுக்காரர் போடும் படத்தில் 70 என்று இருப்பதைப் பார்த்து நம் கணினி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. எண்ணைப் பார்ப்பதற்கு முன் அறையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

இனிச் சோதனை. எச்டபிள்யூஇன்ஃபோவைச் சென்சார் மட்டும் என்ற முறையில் திறங்கள். வேறு கண்காணிப்பு மென்பொருள் எதுவும் கூடவே ஓடக்கூடாது. இரண்டும் ஒரே சிப்பைப் படிக்கப் போய் எண்கள் குழம்பும். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிரவுசரைத் திறந்ததும் 40லிருந்து 60க்குத் துள்ளினால் அது ரைசனின் இயல்பு. பிறகு கீழே உள்ள கடிகாரப் பொத்தானை அழுத்தி உச்ச, குறைந்தபட்ச எண்களை அழித்துவிட்டு, வழக்கமான ரெண்டரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சூட்டின் உச்சம், விசிறியின் சுற்று, சிபியூவின் வேகம், 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகம் குறைதல்) வரிகளில் ஆம் என்று வருகிறதா, இத்தனையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே சோதனையைப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை செய்யுங்கள். என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். சூடு சட்டென்று பத்து டிகிரி இறங்கினால் பெட்டிக்குள் காற்று போகவில்லை என்று அர்த்தம். முன்பக்கம் ஒரு விசிறி சேர்த்தால் போதும். அசையவே இல்லையென்றால் கூலரில் தூசி, அல்லது சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்துவிட்டது.

தூசி என்றால் லேசாக நினைக்காதீர்கள். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டுக் கணினியைத் திறந்தேன். சாமி மேடைக்குக் கீழேயே வைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்து, கூலரின் தகடுகளுக்கு நடுவே கறுப்புக் கம்பளிபோல் படிந்திருந்தது. ஊதினால் போகவில்லை. பல்குத்தும் குச்சியால் கீறினேன், முழுத் துண்டாகப் பெயர்ந்து வந்தது.

கூலரைக் கழற்றும்போது ஒன்று முக்கியம். உங்கள் சிப்புக்கு அடியில் ஊசிக் கால்கள் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொள்ளும். நேராக மேலே இழுத்தால் சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து கால் வளைந்துவிடும். முதலில் பத்து நிமிடம் ரெண்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, கூலரை மெல்ல இடமும் வலமும் திருகித் தளர்த்தியபிறகே தூக்குங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும்.

தைப்பூச வேலை முடியும்வரை எதையும் கழற்ற வேண்டாம். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், சிப் எடுக்கும் மின்சக்தியைக் குறைக்கும் ஈகோ மோடை 45 வாட்டுக்கு வையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாக இறங்கும், காலையும் மதியமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரெண்டர் முடியும்.

நண்பர் கொடுத்த விசிறி வேகத்தை மாற்றும் மென்பொருளை விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் தடுத்தது என்றும் எழுதியிருந்தீர்கள். சென்சாரைப் படிக்க இப்படிப்பட்ட மென்பொருள்கள் பல வின்ரிங்0 என்ற டிரைவரை (வன்பொருளோடு பேசும் சிறு மென்பொருள்) நம்பியிருந்தன. அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டை 2020இலேயே வெளியானது. 2025 மார்ச்சிலிருந்து டிஃபெண்டர் அதைத் தடுக்கிறது. டிஃபெண்டரை அணைத்துவிட்டுப் போடாதீர்கள். தயாரிப்பாளரின் தளத்தில் வேறு டிரைவரோடு புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, பக்கத் தகடு திறந்தும் 95ஐத் தொட்டால், அந்தச் சின்னக் கூலர் உங்கள் அறைக்கும் வேலைக்கும் போதவில்லை. டவர் கூலர் என்ற உயரமான, பெரிய கூலர் ஒன்று வாங்குங்கள். வாங்குமுன் பெட்டியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்; உயரமான கூலர் போட்டால் தகடு மூடாது.