மகதலேனா மரியாள் மேல் விழுந்த பழி

கேள்வி: மகதலேனா மரியாள் விலைமகளாக இருந்து மனம் திருந்தியவர் என்று சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பைபிளில் தேடினால் கிடைக்கவில்லை. எந்த அதிகாரம்?

பதில்: எதிலும் இல்லை, நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். ஏழு பிசாசுகள் அவரை விட்டு நீங்கின என்று லூக்கா 8-ல் வருகிறது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய அதிகாரத்தில் பெயர் சொல்லப்படாத ஒரு பாவியான பெண் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தலைமுடியால் துடைக்கிறாள். போப் முதலாம் கிரகோரி 591-ல் ஒரு பிரசங்கத்தில் அவளும் மகதலேனாவும், மார்த்தாளின் சகோதரியான பெத்தானியா மரியாளும் ஒரே ஆள்தான் என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஐரோப்பிய ஓவியர்கள் விடுவார்களா, அவிழ்ந்த கூந்தலும் அழுத கண்ணுமாக அவரை வரைந்து தள்ளிவிட்டார்கள். கிழக்கத்திய திருச்சபைகள் இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1969-ல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் அந்தப் பழி நீங்கியது; 2016-ல் அவருடைய ஜூலை 22 நினைவுநாள், அப்போஸ்தலர்களுக்கு இருப்பதுபோல விழாவாகவே உயர்ந்தது.

யோவான் 20-ஐ ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கல்லறை வாசலில் அழுதுகொண்டு நிற்கிறார், எதிரே நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசுகிறார், "மரியாளே" என்று இயேசு கூப்பிட்டதும்தான் ஆளைத் தெரிகிறது. உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடர்களிடம் கொண்டுபோனது இந்தப் பெண். அவரைப் பற்றி ஊருக்கு ஞாபகம் இருந்ததோ வேறு கதை.

கேள்வி: பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று பவுலே எழுதியிருக்கிறாரே?

பதில்: 1 கொரிந்தியர் 14-ல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே கடிதத்தின் 11-ம் அதிகாரம், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறது. வாயே திறக்கக்கூடாதவர்களுக்கு இந்த விதி எதற்கு? பேசக்கூடாது என்கிற 14-ம் அதிகார வசனங்கள் சில பழைய பிரதிகளில் இடம் மாறி வருவதால், பிற்பாடு யாரோ சேர்த்தவை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

ரோமர் 16 இன்னும் சுவாரசியம். கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாள் என்ற பெண்ணை பவுல் கிரேக்கத்தில் 'தியாகோனோஸ்' என்கிறார். ஆண்களுக்குச் சில இடங்களில் உதவிக்காரர், டீக்கன் என்று சபைப் பதவியாகிவிடும் அதே சொல், இவருக்குத் தமிழில் 'ஊழியக்காரி'. அடுத்து யூனியா, அப்போஸ்தலர்களுக்குள் பெயர்பெற்றவர். கிரேக்கம் தாய்மொழியான, நான்காம் நூற்றாண்டுப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் இந்தப் பெண்ணின் ஞானத்தை வியந்து பேசியிருக்கிறார். பின்னால் வந்தவர்களுக்குப் பெண் அப்போஸ்தலர் ஒத்துவரவில்லை போலும், பெயரையே 'யூனியாஸ்' என்று ஆணாக்கிவிட்டார்கள். அறிஞர்கள் பயன்படுத்தும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நெஸ்லே பதிப்பிலும் 1927-ல் ஆணாகிப்போனவர், 1998 அச்சில்தான் மறுபடி பெண்ணானார்.

கேள்வி: பெண்கள் குருவாக முடியுமா, முடியாதா?

பதில்: எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. 1994 மார்ச்சில் இங்கிலாந்து திருச்சபை முதன்முதலாக 32 பெண்களைக் குருக்களாக்கியது. அதே ஆண்டு மே மாதம், பெண்களைக் குருவாக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று போப் இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் இன்றும் அந்தப் பக்கம்தான்.