காத்தாடிக்கு குடுத்த காசு யாரு காசு? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்க ஊரைச் சுத்தி எங்க பாத்தாலும் கரண்டு எடுக்குற காத்தாடிதான், ஆனா வீட்டு கரண்ட் பில்லு மட்டும் ஏறிக்கிட்டே போவுது. "இவனுவளுக்கு மானியம் குடுத்துட்டு நம்ம தலையில வைக்கானுவ"ன்னு டீக்கடையில ஒரு அண்ணாச்சி அடிச்சு பேசுறாரு. நெசமா?
- ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: அண்ணாச்சி சொல்றதுல பாதி சரி. ஆனா எந்தப் பாதின்னு பிரிச்சுப் பாக்கணும்.

உங்க ஊரு பக்கத்துல முப்பந்தல்ல நிக்குற காத்தாடில நெறைய கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து மில்லுக்காரங்களோடது. அவங்களுக்கு அரசாங்கம் கையில காசா குடுக்கல, வருமான வரியில சலுகையா குடுத்துச்சு. லாபத்துல ஓடுற மில்லு ஒண்ணு 1 கோடி போட்டு காத்தாடி வாங்குனா 2017-க்கு முன்னாடி அதுல 80 லட்சத்த முதல் வருசமே தேய்மானம்னு, அதாவது மெஷின் பழசாகி மதிப்பு குறையுற செலவுன்னு, கணக்கு எழுதிக்க முடிஞ்சுது, 30 சதவீதம் வரி கட்டுற ஆளுன்னா 24 லட்சம் அந்த வருசமே மிச்சம், தொண்ணூறுகள்ல இதையே 100 சதவீதம் எழுத விட்டாங்க. வரி ஒரேடியா தள்ளுபடி ஆயிடலங்கறதும் உண்மை, பின்னாடி வருசங்கள்ல எழுத வேண்டிய தேய்மானத்த முன்னாடியே எழுதுறாங்க, அவ்ளோதான். ஆனா இன்னைக்கு கையில நிக்குற 24 லட்சத்தோட அருமை வியாபாரிக்குத் தெரியும். 180 நாளைக்கு மேல ஓடுனாதான் அந்த வருசம் முழு தேய்மானம், இல்லன்னா பாதிதான், அதனால செப்டம்பர் கடைசிக்குள்ள மெஷின ஓட விட்டுரணும்.

இதுல என்ன கோளாறுன்னா, காசு போட்டதுக்குத்தான் சலுகை, கரண்டு எடுத்ததுக்கு இல்ல. காத்தாடி நல்லா சுத்துனாலும் நொண்டுனாலும் வரி மிச்சம் ஒண்ணுதான். இந்தியாவுலயே நல்ல காத்து வீசுற கணவாய் வாசல்ல 225, 250 கிலோவாட் குட்டி மெஷினா நட்டு நிரப்பி வச்சதுக்கு அந்தக் கால டெக்னாலஜி ஒரு காரணம்னா இந்த வரிக்கணக்கு இன்னொரு காரணம்னு நான் நினைக்கிறேன். இப்ப வர்ற ஒரே மெஷின் 2, 3 மெகாவாட்டு (1 மெகாவாட்னா 1,000 கிலோவாட்). பழசக் கழட்டிட்டு பெருசு வைக்கதுக்குன்னே 2024-ல தமிழ்நாடு அரசு தனியா ஒரு கொள்கை கொண்டாந்துச்சு.

இதுக்கு மாத்தா 2009-ல மத்திய அரசு யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகைன்னு ஒண்ணு குடுத்துச்சு, கரண்டு குடுத்தாதான் காசு. எனக்குக் கேட்டா அதுதான் முறையான மானியம். 2012-ல ரெண்டையுமே நிறுத்துனாங்க, முந்தின வருசம் நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி போட்டது அடுத்த வருசம் 1,700 பக்கம் விழுந்துச்சு. அப்புறம் ரெண்டும் திரும்ப வந்துச்சு, 2017-ல தேய்மானம் 40 சதவீதமா குறைஞ்சுது, 50 பைசா போயே போச்சு.

சரி, உங்க பில்லுக்கு வருவோம். வரிச்சலுகை டெல்லி கஜானா கணக்கு, உங்க பில்லத் தொடாது. தொடுறது பேங்கிங். ஆனி ஆடியில காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும்போது வர்ற யூனிட்ட மில்லுக்காரர் மின்வாரியத்துல போட்டு வச்சுட்டு காத்து இல்லாத மாசம் எடுத்துக்குவாரு, அறுப்பு சமயத்துல நெல்லக் குடுத்துட்டு பஞ்சத்துல அதே மரக்கா கணக்குல திருப்பி வாங்குற மாதிரி. வாரியம் அப்ப வெளிச்சந்தையில கூடுதல் விலைக்கு வாங்கித்தான் குடுக்கணும், அந்த வித்தியாசத்துல ஒரு பங்கு சுத்தி வளைச்சு உங்க வீட்டுக்கு வரும். அதுக்காக பேங்கிங் கட்டணத்த படிப்படியா ஏத்துனாங்க, 2018-க்கு அப்புறம் போட்ட மெஷினுக்கு பழைய 12 மாச வசதி கிடையாது. மில்லுக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, 2008-ல இருந்து நாலஞ்சு வருசம் தமிழ்நாடே இருட்டுல கிடந்தப்ப அவங்க சொந்தக் காசுல போட்ட காத்தாடிதான் சீசனுக்கு சீசன் கைகொடுத்துச்சு. வாரியத்தோட கடனையும் வட்டியையும் நிலக்கரி செலவையும் விட்டுட்டு காத்தாடிய மட்டும் திட்டுனா அண்ணாச்சிக்கு டீ ஆறிப்போவும், பில்லு குறையாது.

கேள்வி: வெளிநாட்டுலயும் காத்தாடி, சோலார் மானியத்த அரசியல்வாதிங்க எதுக்குறாங்களே, எல்லாம் நிலக்கரி முதலாளி ஆளுங்கதானா?
- மார்த்தாண்டம் வாசகி

பதில்: அப்டி ஒரே வார்த்தையில முடிச்சுரக்கூடாதுக்கா. ஜெர்மனியில 2000-ல ஒரு சட்டம் போட்டு 20 வருசத்துக்கு நிலையான விலை குடுத்தாங்க, அந்த செலவு கரண்ட் பில்லுலயே யூனிட்டுக்கு 6 சென்ட்டுக்கு மேல ஏறுச்சு, பெரிய ஆலைகளுக்கு விலக்கு, சுமை வீட்டுக்காரங்க தலையில. கோவம் வராம இருக்குமா? கடைசில 2022-ல பில்லுல இருந்து எடுத்து அரசு பட்ஜெட்டுல போட்டாங்க. ஆனா கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 2018-ல டக் ஃபோர்டு தேர்தல்ல ஜெயிச்சு முதல்வரான உடனே 758 பசுமை மின்சார ஒப்பந்தத்த ஒரே அடியில ரத்து பண்ணாரு, அமெரிக்காவுல 2022-ல பைடன் குடுத்த வரிச்சலுகைய 2025 ஜூலைல டிரம்ப் சட்டம் போட்டு வெட்டுனாரு. செலவு அதிகம்னு எதுக்குறது நியாயமான அரசியல், ஆனா அதே வாய் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் போற சலுகைய பத்தி மூச்சு விடாம இருந்தா அப்ப சந்தேகப்படுங்க.

கேள்வி: கடலுக்குள்ள காத்தாடி நடப்போறாங்களாமே, அதுக்கும் மானியமா?
- சின்னமுட்டம் வாசகர்

பதில்: ஆமா. 2024 ஜூன்ல மத்திய அமைச்சரவை 7,453 கோடிக்கு ஒப்புதல் குடுத்துச்சு, குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500. துறைமுக வேலைக்கான 600 கோடிய கழிச்சுப் பாத்தா ஒரு மெகாவாட்டுக்கு 6.85 கோடி, கரையில ஒரு மெகாவாட் போடுற மொத்த செலவுக்கே பக்கத்துல வருது! முதல் திட்டம், போகப்போக விலை இறங்கும்னு சொல்றாங்க, சோலார்ல அப்டி இறங்கவும் செஞ்சுது. ஆனா வலை விரிக்கிற இடம் சுருங்குனா அந்த நட்டம் இந்த 7,453 கோடில எங்க இருக்கு? மீனவர் கூட்டத்துல அதிகாரிங்க வந்தா மொதல்ல இதக் கேளுங்க.

கேள்வி: வாடகை வீட்டுல இருக்கேன், மாடியில சோலார் வச்சா 78,000 ரூபா கிடைக்குமா?
- நாகர்கோவில் வாசகி

பதில்: அது வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு குடுக்குற மானியம், 3 கிலோவாட்டுக்கு, சொந்தக் கூரை இருக்கவங்களுக்கு. வீட்டு ஓனரம்மாகிட்ட சொல்லிப் பாருங்க, வச்சாங்கன்னா பேனல் அவங்களுது, மானியமும் அவங்க அக்கவுண்டுக்குத்தான் வரும், அதனால மாடிக்கு சம்மதம் கேக்கும்போதே உங்க பில்லுல எவ்ளோ குறைப்பாங்கன்னு பேசி வச்சுக்குங்க.