பழைய ஹோபி 16 கேட்டமரானில் (இரட்டை உடல் பாய்ப்படகு) பாய்மரத்துக்குக் கீழே இருக்கும் அலுமினியக் குறுக்கு பீமில், ஓர் ஓட்டையிலிருந்து அடிப்பக்கமாக விரிசல் விழுந்துவிட்டது. நாகை, காரைக்கால் பக்கம் வெல்டு வைத்து ஓட்டலாமா?

வெல்டு வேண்டாம். பீமையே மாற்றிவிடுங்கள். ஹோபி 16-க்கு இன்னும் உதிரி பாகம் விற்கிறார்கள், அதனால் படகு பழசாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

நான் நாகப்பட்டினத்தில் பைபர் படகு வேலை பார்க்கிறவன். எங்களிடம் வருவது பெரும்பாலும் மீன்பிடிப் படகு. பாய் கட்டி ஓட்டும் கேட்டமரான் எப்போதாவது புதுச்சேரிப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும். நீங்கள் எழுதியிருப்பதுபோல ஓட்டையிலிருந்து கிளம்பி பீமின் அடிப்பக்கம் ஓடும் விரிசல் எனக்குப் புதிதல்ல.

ஏன் அங்கே விரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் புது பீமாவது தங்கும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் எல்லாம் ஹல்களை, அதாவது படகின் இரண்டு உடல்களை, தூக்கப் பார்க்கின்றன. அந்த இழுவை முழுக்கப் பாய்மரம் வழியாக பீமின் நட்ட நடுவில் இறங்குகிறது. படகு 145 கிலோதானே என்று அந்தப் பாரத்தை எடை போடாதீர்கள். இதைத் தாங்கத்தான் பீமுக்கு அடியில் டால்பின் ஸ்ட்ரைக்கர் என்று ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பி, நடுவில் முட்டுக் கொடுத்து, வில்லில் நாண் பூட்டியதுபோல இழுத்துக் கட்டியிருக்கும். அந்தக் கம்பியின் நட்டு தளர்ந்துவிட்டால் பீம் தனியாக எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் வளைந்து நிமிரும். அலுமினியம் அப்படி ஆயிரக்கணக்கான தடவை வளைந்தால் முதலில் ஓட்டையின் விளிம்பில்தான் கீறும். உங்கள் நட்டைக் கையால் திருகிப் பாருங்கள். சுற்றினால் காரணம் கிடைத்துவிட்டது.

வெல்டுக்கு வருகிறேன். இம்மாதிரி பீம்களுக்குப் போடுவது 6061-டி6 போல வெப்பப் பதம் ஏற்றிய அலுமினியம். டிக் வெல்டு எவ்வளவு அழகாக விழுந்தாலும், அதன் இரண்டு பக்கமும் சூடு பட்ட பட்டையில் அந்தப் பதம் போய்விடும். வளையாமல் நிற்கும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். திரும்ப ஏற்ற வேண்டுமென்றால் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைக்க வேண்டும். அந்த வசதி நம் பக்கத்துப் பட்டறைகளில் இல்லை. என்னிடம் வந்த ஒரு படகில் யாரோ வெல்டு வைத்து, மேலே ஒரு பட்டையும் போட்டிருந்தார்கள். வெல்டு அப்படியே இருந்தது. இரண்டு விரல் தள்ளி பீம் புதிதாகக் கிழிந்திருந்தது.

அதேபோல, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ அலுமினியக் கடையில் அதே அளவில் குழாய் இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அங்கே விற்பது பொதுவாகக் கதவு ஜன்னலுக்கான 6063. பார்க்க ஒன்றுபோல இருக்கும், வலுவில் குறைவு. அசல் பீம் வர நாளாகும் என்றால் காத்திருங்கள். இடையில் ஓட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு, விரிசலின் முனைகளில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் 6061 துண்டு ஒன்றை எபாக்ஸி தடவிச் செருகி ரிவெட் அடிப்பது ஒரு வழி. துண்டு விரிசலின் இரு பக்கமும் நன்றாக நீள வேண்டும். ரிவெட்டை அடிப்பக்கம் அடிக்காமல் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். காற்று குறைந்த நாளில் ஆற்று முகத்துவாரத்தில் ஓட்ட அது போதும். கச்சான் காற்று அடிக்கும்போது கடலுக்கு எடுத்துப் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

பீமைக் கழற்றுவதுதான் உண்மையான பாடு. முதலில் டிராம்போலின் (இரண்டு ஹல்லுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய துணித் தளம்) கயிற்றைத் தளர்த்துங்கள், அது சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ரிவெட்டுகளை டிரில்லில் எடுத்த பிறகும் பீம், சட்டத்தின் மூலையில் அதைப் பிடித்திருக்கும் உலோக வார்ப்பை விட்டு வராது. ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி இண்டு இடுக்கெல்லாம் அடைத்து சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். கொதிநீர் ஊற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் ஹீட் கன்னில் வார்ப்பைச் சூடு காட்டி, மரக்கட்டை வைத்துத் தட்டி எடுங்கள். சுத்தியலால் வார்ப்பையே அடித்தால் அது உடையும், அப்புறம் செலவு இரட்டிப்பு. ஒரு பெரியவர் இதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அவசரப்பட்டா அது உன் கையோட வரும், பாதிதான் வரும்” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

பீம் வெளியே வந்ததும் ஹல்லையும் பாருங்கள். சட்டம் உட்காரும் பைலான் தூண்களைப் பிடித்து ஆட்டினால் டெக்கோடு சேர்ந்து அசையக் கூடாது. அதைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள்: கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே இருக்கும் போம் (நுரை) அடுக்கு பிரிந்திருக்கிறது. இந்த இடத்தை நம் ஊர் பைபர்காரர்கள் நன்றாகவே செய்வார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பைபர் படகு பெருகியதில் பழகிய கைகள் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் புழங்குவது பாலியஸ்டர் ரெசின். உங்கள் வேலைக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸி கேளுங்கள், பழைய பரப்பில் அதுதான் பிடிக்கும். எபாக்ஸி போட்ட இடத்தில் பிறகு பாலியஸ்டர் பூசினால் ஒட்டாமல் உரிந்துவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரக் காற்றில் எபாக்ஸியின் மேல் பிசுபிசுப்பு படரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையேறி வேலைக்கு நிற்கும். அந்த 61 நாளில் நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். மாசி, பங்குனிதான் தோது.

புது பீம் போடும்போது ஸ்டெயின்லெஸ் தொடும் இடத்தில் எல்லாம் ஜிங்க் குரோமேட் பிரைமரோ நைலான் வாஷரோ இல்லாமல் எதையும் முடுக்காதீர்கள். கடைசி ரிவெட்டுக்கு முன் சட்டத்தின் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் அளந்து சமமாக்குங்கள். அப்புறம் டால்பின் ஸ்ட்ரைக்கர்: பீமின் மேல் நேரான ஒரு மட்டக்கட்டையை வைத்து, நடுவில் தொய்வு முழுக்கப் போகும்வரை இரண்டு பக்க நட்டையும் மாறி மாறி முடுக்குங்கள். முதல் ஓட்டத்துக்கு அரசலாற்று முகத்துவாரம் போதும். கரைக்கு வந்ததும் மட்டக்கட்டையை மறுபடி வைத்துப் பாருங்கள். எல்லாம் உட்கார்ந்த பிறகு நட்டை முடுக்க இன்னும் அரைச் சுற்றாவது மிச்சம் இருக்கும்.