டிக் டிக் சத்தம் மட்டும் வந்தால் உடனே பேட்டரி வாங்க ஓடாதீர்கள்

வடசென்னை காசிமேட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐந்து வருடப் பெட்ரோல் கார், கியர் வண்டி, தெருவில்தான் நிற்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, டாஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கிவிடுகிறது. பேட்டரி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, ஆனால் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதல் வேலை, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்புவதை நிறுத்துங்கள். எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் ஒரு தடவை சுற்றவே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மிச்சம் இருக்கும் சார்ஜும் அதிலேயே போய்விடும்.

டிக் டிக் என்று வேகமாக அடித்தால் செல்ஃபுக்குப் போதுமான கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது பேட்டரியில் கரண்ட் இருந்தும் வழியில் எங்கோ தடைபடலாம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நிற்கிற வண்டி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இரண்டாவதைத்தான். உப்புக் காற்றும் பேட்டரியின் ஆசிட் ஆவியும் சேர்ந்து டெர்மினலில், அதாவது ஒயர் மாட்டும் பிளஸ், மைனஸ் முனைகளில், வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துவிடும். அந்தப் பூப்பு கரண்டை ஒழுங்காக விடாது. விளக்குக்கும் ரேடியோவுக்கும் கொஞ்சம் போதும் என்பதால் அவை வேலை செய்யும், செல்ஃபுக்கு நிறைய வேண்டும் என்பதால் அது மட்டும் மக்கர் பண்ணும்.

சாவியை எடுத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸை முதலில் கழற்ற வேண்டும், இதை மாற்றிச் செய்யவே கூடாது, ஏனென்றால் மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய பொறி பறக்கும். சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய டூத்பிரஷால் டெர்மினலையும் கிளாம்பையும் நன்றாகத் தேயுங்கள். பொடி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்துக் காயவைத்து, பிளஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் ஆடாமல் இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடுங்கள். அப்புறம் மைனஸ் ஒயர் பாடியில் போய்ச் சேரும் எர்த் போல்ட்டையும் பாருங்கள். கடலோரத்தில் அது துருப்பிடித்துக் கிடக்கும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

இதற்கும் எடுக்கவில்லையா? சரி, பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடுங்கள். சிவப்பு ஒயர் முதலில் உங்கள் பிளஸில், அடுத்து அவர்கள் பிளஸில். கறுப்பு அவர்கள் மைனஸில், கடைசி முனை உங்கள் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், கடைசிப் பொறி அதன் பக்கத்தில் விழக்கூடாது. அவர்கள் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு சாவி போடுங்கள். நம் ஏரியாவுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும்: எண்ணூர் ரோட்டில் நிற்கிற கன்டெய்னர் லாரிக்காரர்கள் உதவ முன்வருவார்கள், நல்ல மனசுதான், ஆனால் லாரியில் இருப்பது 24 வோல்ட், உங்கள் காருக்கு 12 வோல்ட். அந்த கரண்ட் பாய்ந்தால் காரின் எலக்ட்ரானிக்ஸ் எரிந்துபோகும்.

கேபிளே கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இதை முயற்சி செய்ய வேண்டாம். எஞ்சின் பிடிக்கும் வரை ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல் மாதிரி இருக்கும், சந்துக்குள் தள்ளாதீர்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை: பெட்ரோல், ஃபியூயல் பம்ப், எலி கடித்த ஒயர், சாவியை அடையாளம் காணாத இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் எலக்ட்ரானிக் பூட்டு). அதற்கு மெக்கானிக் வரட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நின்ற மாதிரி தெருவில் வெள்ளம் நின்று வடிந்திருந்தால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்து பிஸ்டன் மேலே வந்தால், காற்றைப் போல தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டோ பண்ணித்தான் எடுத்துப் போக வேண்டும்.

இப்போது உங்கள் பேட்டரிக்கு வருகிறேன். வண்டி ஸ்டார்ட் ஆனதும் மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் நன்றாக இருக்கிறது. 12 பக்கமே நின்றால் சார்ஜே ஏறவில்லை, புது பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் இறங்கிவிடும். ஆல்டர்நேட்டர் சரியாக இருந்து, நன்றாகச் சார்ஜ் செய்து ஓர் இரவு நிறுத்தி வைத்த பிறகும் 12.6 பக்கத்தில் நிற்காமல் 12.2-க்குக் கீழே இறங்கினால், அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். அப்போதும் பணம் கொடுத்துப் புதிது வாங்கும் முன் வாரண்டி கார்டைத் தேடுங்கள், ஒன்றரை வருடம்தான் என்றால் இன்னும் காலம் இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கிய கடைக்கே பில்லோடு போய் லோடு டெஸ்ட் (நிறைய கரண்ட் இழுத்துப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) போடச் சொல்லுங்கள்.