1912இல் பிரிஸ்பேன் வந்த ரஷ்யர்: ஆவணத்தை எங்கே தேடுவது?

கேள்வி: பிரிஸ்பேனில் இருக்கும் என் மருமகளின் கொள்ளுத்தாத்தா 1912இல் ரஷ்யாவிலிருந்து வந்தவராம். ஆஸ்திரேலியாவும் சோவியத்தும் தூதரக உறவு வைத்துக்கொண்டதே 1942இல்தான் என்று படித்தேன். பேரனுக்காக வம்ச வரலாறு எழுதுகிறேன். ரஷ்யத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

1942 அக்டோபர் 10 சோவியத்தோடு உறவு தொடங்கிய நாள். ஜார் ஆட்சிக்கு 1857 முதலே மெல்போர்னிலும் சிட்னியிலும் கௌரவ கான்சல்கள் (தூதரகப் பிரதிநிதிகள்) உண்டு. அரசுக்கு அரசு பேசுவதெல்லாம் லண்டன் வழியாகத்தான். புரட்சி வந்ததும் கான்சல் ஜெனரல் அபாசா விலகினார். 1918இல் சோவியத் நியமித்த பீட்டர் சிமோனோவை ஆஸ்திரேலியா ஏற்கவேயில்லை, சிறையில் போட்டது. அப்புறம் 1942 வரை வெறும் இடைவெளிதான்.

ஆகவே கான்பராவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். இணையத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். வேண்டியது குடியுரிமை விண்ணப்பக் கோப்பு. பிறந்த ஊர், வந்த கப்பல், இறங்கிய நாள் எல்லாம் அதில் இருக்கும். அவர் விண்ணப்பிக்கவே இல்லையென்றால், 1916 முதல் வெளிநாட்டவர் போலீசில் பதிந்த படிவங்களைப் பாருங்கள். 1917க்குப் பிறகு விண்ணப்பித்திருந்தால் செய்தித்தாளில் விளம்பரமும் கொடுத்திருக்க வேண்டும். அதைப் பழைய ஆஸ்திரேலியச் செய்தித்தாள்கள் உள்ள ட்ரோவ் (Trove) இணையதளத்தில் தேடலாம்.

பெயரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இவான் ஜான் ஆகியிருப்பார், ஃபியோதர் ஃப்ரெட் ஆகியிருப்பார். ரஷ்யப் பெயரின் நடுவில் வருவது அப்பா பெயர், நம் இனிஷியல் மாதிரி. குமாஸ்தா அதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டிருக்கலாம். காதில் விழுந்தபடி நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். 'ரஷ்யர்' என்று எழுதியிருந்தாலும் அவர் யூதராகவோ லாட்வியராகவோ போலந்துக்காரராகவோ இருக்கலாம். ஜாரின் குடிமக்கள் எல்லோருக்கும் அதே முத்திரைதான்.

கப்பலை ஐரோப்பியத் துறைமுகப் பட்டியல்களில் மட்டும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த வருடங்களில் பலர் சைபீரிய ரயிலில் சீனாவின் ஹார்பின் நகருக்கு வந்து, ஜப்பானில் நிக்கோ மாரு, குமானோ மாரு போன்ற கப்பல்களில் ஏறி பிரிஸ்பேனில் இறங்கினார்கள்.

பிறந்த தேதி இரண்டு விதமாக இருந்தால் பதற வேண்டாம். ரஷ்யாவில் 1918 வரை பழைய நாட்காட்டிதான். 19ஆம் நூற்றாண்டுத் தேதி என்றால் 12 நாள் கூட்டிப் பாருங்கள்.

கோப்பு கிடைத்ததும் நற்சான்றைத் தேடுங்கள். 'இவரைத் தெரியும், நல்லவர்' என்று போஸ்ட் மாஸ்டரோ பள்ளி ஆசிரியரோ போலீஸ்காரரோ கையெழுத்துப் போட்டிருப்பார். அவருடைய ஊரைக் குறித்துக்கொள்ளுங்கள். கொள்ளுத்தாத்தா வேலை பார்த்தது பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.