கல்லறையில் பெயர் மேரி மட்டுமே: பிறந்த வீட்டைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் மருமகள் அமெரிக்கப் பெண். பேத்திக்காக இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதி வருகிறேன். மருமகளின் கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டி ஒருவர் ஓஹையோ மாநிலத்தில் இறந்திருக்கிறார். கல்லறையில் 'மேரி', இன்னாருடைய மனைவி, இறப்பு 1887 மார்ச் 14, வயது 52 ஆண்டு 5 மாதம் 9 நாள் என்று மட்டும் இருக்கிறது. அவருடைய பெற்றோர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கல்லே ஒரு தேதியைக் கொடுத்துவிட்டது. கழித்துப் பாருங்கள்: மேரி பிறந்தது 1834 அக்டோபர் 5 வாக்கில்.

நம் ஊரில் கல்யாணமானதும் பல பெண்களுக்கு இனிஷியல் மாறுகிறதே, அங்கே குடும்பப் பெயரே மாறிவிடும். அதனால் மேரியை நேராகத் தேடினால் ஆயிரம் மேரிகள் வந்து நிற்பார்கள். அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேடுங்கள். முதலில் பிள்ளைகள்.

ஓஹையோவில் 1908 டிசம்பர் 20 முதல் மாநில அளவில் இறப்புச் சான்றிதழ் உண்டு. அதில் இறந்தவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்குத் தனி இடம் இருக்கிறது. மேரியின் பிள்ளைகள் அந்தத் தேதிக்குப் பிறகு ஓஹையோவிலேயே இறந்திருந்தால் விடை அங்கேயே கிடைக்கலாம். ஆனால் விவரம் சொன்னவர் மருமகனாகவோ பேரனாகவோ இருப்பார். பாட்டியின் பிறந்த வீடு அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஒரு பிள்ளையோடு நிறுத்தாமல் கிடைக்கிற எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழையும் ஒப்பிடுங்கள். பிள்ளைகளின் நடுப்பெயரையும் கவனியுங்கள். அம்மாவின் குடும்பப் பெயரை மகனுக்கு நடுப்பெயராக வைக்கும் பழக்கம் அங்கே உண்டு.

அடுத்து 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று முதன்முதலாக எழுதிய கணக்கெடுப்பு அதுதான். கணவர், மேரி, பிள்ளைகள் என்று வரிசையாகப் போகும் பக்கத்தில், கடைசி வரியில் 'மாமியார்' என்று ஒரு மூதாட்டி இருந்தால் பெரும்பாலும் அவர்தான் மேரியின் அம்மா. அவர் மறுமணம் செய்யாதவர் என்றால் அவருடைய குடும்பப் பெயர்தான் மேரியின் பிறந்த வீட்டுப் பெயர்.

பெயர் கிடைத்ததும் 1850 கணக்கெடுப்புக்குப் போங்கள். அப்போது மேரிக்கு 15 வயது. வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் எழுதியது அந்த ஆண்டிலிருந்துதான், அதுவும் அடிமைப்படுத்தப்படாதவர்களை மட்டும். மேரி அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண் என்றால் 1870க்கு முன் பெயர் கிடைப்பது அரிது. அப்போது அவரை அடிமையாக வைத்திருந்தவர்களின் உயில், சொத்துப் பட்டியல்களில்தான் தேட வேண்டியிருக்கும். 1840 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. ஐந்து வயது மேரி அதில் 'பெண், 5 முதல் 10 வயதுக்குள்' என்ற கட்டத்தில் வெறும் எண்ணாக இருப்பார்.

ஒரே பெயரில் இரண்டு அப்பாக்கள் கிடைத்தால் முடிவு சொல்வது உயில். மாவட்டங்களை அங்கே கவுண்டி என்பார்கள். உயில், வாரிசு விவகாரங்களைக் கவனிக்கும் கவுண்டியின் புரோபேட் நீதிமன்றப் பதிவில் 'என் மகள் மேரி, இன்னாருடைய மனைவி' என்ற ஒரு வரி இருந்தால், பிறந்த வீடும் புகுந்த வீடும் அதிலேயே சேர்ந்துவிடும். மேரியின் திருமணமும் இறப்பும் அதே கவுண்டியில் நடந்திருந்தால், திருமணப் பதிவும் 1887 இறப்புப் பதிவும் அதே நீதிமன்றத்தில்தான் இருக்கும்.

கணவர் உள்நாட்டுப் போரில் (1861–65) போரிட்டவரா என்று கட்டாயம் பாருங்கள். ஓய்வூதியம் வாங்கிய வீரர்களிடம் 1898இல் அரசு ஒரு படிவம் அனுப்பி மனைவியின் கன்னிப் பெயர், முன்பே இறந்த மனைவி, பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டது. நடுங்கும் கையெழுத்தில் அவரே எழுதிய பதில், வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அவருடைய கோப்பில் இருக்கலாம். எனக்கு இதைவிடப் பிடித்த ஆவணம் வேறில்லை.

இவற்றில் பெரும்பகுதியை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே வேறு யாராவது மேரிக்குப் பெற்றோரைச் சேர்த்து வைத்திருக்கக்கூடும். எந்த ஆவணத்தை வைத்துச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். ஆவணம் இல்லையென்றால், அதே பெயரைப் பத்துப் பேர் எழுதியிருந்தாலும் உங்கள் வம்சாவளியில் ஏற்றாதீர்கள்.