பார்க்வே பக்கத்தில் வீடு எடுக்கலாமா?

தம்பி, உங்களுக்கு வேலை லண்டன் மேரிலிபோன் பக்கம், வீட்டம்மாவுக்கு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் நர்ஸ் வேலை, கையில் கார் இல்லை. லண்டனுக்கு வடமேற்கே, எய்ல்ஸ்பரி ஊருக்கு வெளியே இருக்கும் எய்ல்ஸ்பரி வேல் பார்க்வே ஸ்டேஷனுக்கு நடை தூரத்தில் புது வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த ஸ்டேஷன் பக்கத்து பெரிஃபீல்ட்ஸ் குடியிருப்பில்தான் பல வருஷமாக இருக்கிறேன்.

முதலில் பெயர். பார்க்வே என்றதும் பூங்காவை நினைத்துக்கொண்டுதான் நானும் வந்தேன். இங்கே அது கார் நிறுத்தும் இடம். நம்ம ஊரில் கொடைரோட்டில் இறங்கினால் கொடைக்கானல் வந்துவிடுமா? அந்தக் கதைதான். ஊருக்குள் வராமல், பெரிய சாலையை ஒட்டி நிறைய கார் நிறுத்த வசதியோடு ஸ்டேஷன் கட்டுவார்கள். 1972இல் பிரிஸ்டல் நகருக்கு வெளியே திறந்ததுதான் பார்க்வே என்ற பெயரோடு வந்த முதல் ஸ்டேஷன். நம்முடையது 2008 டிசம்பரில் வந்தது. எய்ல்ஸ்பரிக்கு வடக்கே 1966இல் பயணிகள் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் வீடுகள் வரப்போகின்றன என்றுதான் அந்தத் தண்டவாளத்தில் மறுபடி வண்டி விட்டார்கள்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பிளாட்பாரம், படி ஏறி இறங்கும் வேலை இல்லை, தள்ளுவண்டியில் குழந்தை இருந்தாலும் நேரே போய் ஏறலாம். வண்டி இங்கிருந்துதான் கிளம்புகிறது, அதனால் காலையில் ஜன்னலோர சீட் உறுதி. மேரிலிபோனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உங்களுக்கு இது சரியான இடம்.

சிக்கல் வீட்டம்மாவுக்குத்தான். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஸ்டோக் மாண்டவில் என்றே போட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். அந்த ஸ்டேஷன் கிராமத்துக்கு உரியது, மருத்துவமனை அதன் வாசலில் இல்லை. நல்ல நடை இருக்கிறது. விடிகாலை ஷிஃப்ட்டுக்கும், இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்புவதற்கும், அதுவும் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்டில், இது தினமும் நடக்கிற காரியம் இல்லை. அவருக்கு ஊருக்குள், மருத்துவமனைப் பக்கமாக வீடு இருப்பதுதான் நல்லது. நீங்கள் எய்ல்ஸ்பரி ஊர் ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம். அங்கிருந்து அமர்ஷம் வழி, ரிஸ்பரோ வழி என்று இரண்டு பாதையிலும் லண்டனுக்கு வண்டி உண்டு. பார்க்வேக்கு அமர்ஷம் வழி மட்டும்தான், அதிலும் எல்லா வண்டியும் வராது.

இதை நான் நடந்தே கற்றுக்கொண்டேன். வந்த முதல் ஜனவரியில், பலகையில் எய்ல்ஸ்பரி என்று பார்த்ததும் ஓடிப்போய் ஏறித் தூங்கிவிட்டேன். வண்டி ஊர் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. டாக்சிக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, நாலு கிலோமீட்டர்தானே என்று பைசெஸ்டர் ரோட்டில் இறங்கினேன். பக்கவாட்டில் அடித்த மழைக்குக் குடை ஒரு ரவுண்டானாவைக்கூடத் தாண்டவில்லை. வீட்டு வாசலில் ஷூவைக் கவிழ்த்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. அன்றைக்கு முடிவு செய்ததுதான் கார்.

அந்த வீட்டைத்தான் எடுப்பேன் என்றால், வாடகையோடு காருக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடிவந்ததிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் இங்கத்திய தற்காலிக லைசென்ஸ் வாங்கி, எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு இரண்டையும் முடிக்க வேண்டும். ஓட்டுநர் தேர்வுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு, வந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். கையெழுத்துப் போடும் முன் அப்படி ஒரு ஞாயிறு மாலை, இருட்டின பிறகு வந்து பாருங்கள். அன்றைக்கும் வழியில் இருக்கும் ஹாரோவுக்கு டியூப் (லண்டன் மெட்ரோ ரயில்) இருந்தால் அங்கே இறங்கி, தமிழ்க் கடையில் ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கி வந்தால் புண்ணியமாகப் போகும். இங்கே கிடைப்பது பாதி வாடித்தான் வருகிறது.